மாமியாரை மாற்ற மறுத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை 8.40. ராசிபுரம் தாண்டிய நாமக்கல் பேருந்தில், என் முன் இருக்கையில் ஆண்டு மலர் தொகுக்கும் அம்மாவும், அதற்குக் கதை கொடுத்த பெண்ணும்.

“மாமியாக்காரி இன்னும் கொடுமை பண்ணோணும், அம்மிணி” என்றார் தொகுப்பாளர்.

“பிரிட்ஜையே பூட்டி வெக்கறாங்க. போதாதுங்களாக்கா?”

“அப்பறம் எதுக்கு அந்த மாமியாக்காரி, மருமக பரீட்சை எழுதி முடிக்கற வரைக்கும் வெளிய வெயில்ல உக்காந்திருக்கா? கொடுமைக்காரி அப்படிச் செய்வாளா?”

“எல்லாக் கதையிலயும் வர்ற மாமியாளைத்தான் நானும் எழுத ஆரம்பிச்சனுங்க. வெயில்ல உக்காந்த பொறகுதான் எனக்கே நெசமான ஆளாத் தெரிஞ்சாங்க.”

“அந்த வெயில் எடத்தை எடுத்துட்டாத்தான் மலர்ல போடுவோம்.”

“அப்ப போட வேண்டாங்க.” தாள்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

“உன்ற மாமியாளத்தான எழுதியிருக்கற? படிச்சாச் சும்மா உடுவாங்களா?”

“படிச்சாச்சுங்க. ‘நான் திட்டுனதுல பாதியக் காணோமே’ன்னாங்க. அதையுஞ் சேத்து வேற பக்கம் அனுப்பறேன்.”