முட்டியில் பேப்பர் இல்லை

— இப்ப அது என்னடா சொல்லுது?

— பேப்பர் இல்லையாம், அக்கா.

— முட்டிக்கு எதுக்குடா பேப்பர்?

— சிம்பிள். அது தன்னை முட்டின்னு நினைக்கல. ஜெராக்ஸ் மெஷின்னு நினைச்சுக்கிட்டிருக்கு. பேப்பர் வைக்காம எந்த ஜெராக்ஸ் மெஷின் ஓடும்? உன் கைப்பையில ஒரு தாள் இருந்தா குடு. மாமா, பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க.

— மெதுவா பேசு மச்சான். டாக்டரம்மா உள்ளதான் இருக்காங்க, கதவு பாதிதான் சாத்தியிருக்கு. அதாவது, ஊர் முழுக்கத் தபால் குடுத்தவன் வராண்டா பெஞ்சுல உட்கார்ந்து முட்டிக்குள்ள தாள் சொருகிக்கிறதை யாரும் பார்க்க வேணாம்.

— எங்க பல் கிளினிக் சீட்டுதான் இருக்கு. ஆகுமா?

— ஏ4 இல்லையே. சரி, குடு, ஏமாத்திப் பார்ப்போம். ம், ஏத்துக்கிச்சு. இப்ப மூடியை மூடச் சொல்லுது. பேன்ட்டை இறக்கிடுங்க மாமா. வெளிச்சம் பட்டா மூடி திறந்திருக்குன்னு நினைச்சு நின்னுடும்.

— டேய் தம்பி, எனக்குப் புரியற மாதிரி ஒண்ணு சொல்லு. நல்ல செயற்கைக் காலா பார்த்து வாங்கினோம். அதை ஓட்டறதுக்குன்னு உள்ள ஒரு ஓ.எஸ். சாஃப்ட்வேர் இருந்துச்சு. அதை எதுக்குத் தூக்கிப் போட்டே?

— நான் எங்க அக்கா தூக்கிப் போட்டேன்? அந்தக் கால் கம்பெனியையே மூடிட்டாங்க. தினமும் காலையில இந்தக் கால் கம்பெனிக்கு ஒரு குரல் குடுக்கும், நடக்கட்டுமான்னு. அங்கேருந்து 'நட'ன்னு பதில் வரணும். ஆளில்லாத வீட்டுல யார் பதில் சொல்றது? முட்டி பூட்டிக்கிச்சு.

— பூட்டிக்கிச்சுன்னு லேசா சொல்லிட்டே. நீட்டினபடி பூட்டிக்கிச்சு. ஒரு மாசமா நடு ஹால்ல கிடந்துச்சு, வர்றவங்க போறவங்க எல்லாம் தாண்டித்தான் போகணும். நான் ரெண்டு தடவை விழுந்தேன்.

— நான்தான் மன்னிப்பு கேட்டேனே.

— நீங்க கேட்டீங்க. கால் கேக்கல.

— அதனாலதான் அக்கா, எனக்குத் தெரிஞ்ச ஓ.எஸ்.ஸைப் போட்டேன். எனக்குத் தெரிஞ்சது ஜெராக்ஸ் மெஷின், கடையில அதைத்தானே பிரிச்சுப் பிரிச்சு மாட்டறேன். சிம்பிளா பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். அதுலயும் மோட்டார், இதுலயும் மோட்டார். அது பேப்பரை நகர்த்துது, இது மாமாவை நகர்த்துது. ஓ.எஸ்.தான் முதல்ல அடம் பிடிச்சுது, இது என் மெஷின் இல்ல, நான் இதுல ஓட மாட்டேன்னு. 'நீ இருக்கிறது ஜெராக்ஸ் மெஷின்லதான், மெஷின் கொஞ்சம் இளைச்சுப் போச்சு'ன்னு ஒரு பொய்யை எழுதி உள்ள வச்சேன். அப்புறம் கேள்வியே கேக்கல.

— நேத்து இவர் வீட்டுக்குள்ள வட்டமா சுத்தினாரே, அதுவும் அந்தப் பொய்தானா?

— அது ஏ4 தகராறு. இந்தக் கால் ஒரு தாள் நீளத்துக்குத்தான் அடி வைக்கும். அந்தக் கால் மாமாவோட சொந்தக் கால், அது இஷ்டத்துக்கு வைக்கும். ஒரு பக்கம் சின்ன அடி, ஒரு பக்கம் பெரிய அடி. யாரா இருந்தாலும் வட்டம்தான். இப்ப நூத்து நாப்பத்தோரு சதவீதம் பெருசாக்கிட்டேன். ஏ3. அம்பு மாதிரி போவார்.

— போகணும் மச்சான். அதாவது, உள்ள சுவத்துலேருந்து ஜன்னல் வரைக்கும் நேரா நடந்து, திரும்பி வரணும். பரீட்சையே அவ்வளவுதான். தேறினா என் பை என் தோள்ல. தேறலைன்னா கீழ்த்தளத்துல உட்கார வச்சுடுவாங்க. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் தபாலைப் பிரிச்சு அடுத்தவன் பையில போடணும்.

— அதுல என்ன குறைச்சல்? வெயில் இல்ல, மழை இல்ல, நாய்த் தொல்லை இல்ல. நானும்தான் பல் டாக்டர் வாசல்ல நாள் பூரா உட்கார்ந்து பேர் கூப்பிடறேன். தேய்ஞ்சா போயிட்டேன்?

— உனக்குச் சொன்னா புரியாது.

— சொல்லித்தான் பாருங்களேன்.

— என் ரூட்ல, மேட்டுத் தெருவுல, ஒரு டெய்லர் இருக்கார். அவருக்கு யாரும் எழுதறதே இல்ல. கரண்ட் பில்கூடக் கடைச் சொந்தக்காரர் பேருக்குத்தான் வரும். ஆனா என் தலை தெரிஞ்சா மிதிக்கிறதை நிறுத்திட்டு நிமிர்ந்து பார்ப்பார். நான் 'இன்னைக்கு இல்லண்ணே'ம்பேன். அதாவது, 'இல்ல'ன்னு சொல்ல மாட்டேன். 'இன்னைக்கு இல்ல.' சரின்னு தலையாட்டிட்டு மறுபடி மிதிப்பார். வேற ஆள் அந்த ரூட்டுக்குப் போனா கடையைத் தாண்டிப் போயிடுவான். தபால் இல்லாத கடையில அவனுக்கு என்ன வேலை?

— ஏங்க, இதை என்கிட்ட நீங்க சொன்னதே இல்லையே.

— சொல்ற அளவுக்கு இதுல என்ன இருக்கு?

— மாமா, உள்ள கூப்பிடறாங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. சும்மா நின்னா தூங்கிடும், கரண்ட்டை மிச்சம் பிடிக்கிற குணம் அதுக்கு. அதனால ஆடிக்கிட்டே இருங்க. தூங்கிடுச்சுன்னா முட்டிக்குப் பக்கத்துல பச்சை பட்டன். அப்புறம், ஸ்டேப்பிளை ஆஃப் பண்ணிட்டேன். பண்ணிட்டேன்னுதான் நினைக்கிறேன்.

— கால்ல எங்க மச்சான் ஸ்டேப்பிள்?

— ஒரு செட் முடிஞ்சா ஓங்கி ஒரு குத்து குத்தும். அதெல்லாம் வராது. போங்க மாமா, போங்க, காக்க வைக்காதீங்க.

— தம்பி, கதவுகிட்ட போய்க் காது குடுத்துக் கேளு.

— கேக்குதே. டக், டக், டக். அம்பு மாதிரி போறார் அக்கா. என் கைக்கு நானே முத்தம் கொடுத்துக்கணும்.

— அப்புறம் கொடுத்துக்கலாம். இப்ப ஏன் சத்தம் நின்னுடுச்சு?

— ஜன்னலுக்குப் போயிட்டார். டாக்டரம்மா எதையாவது கேப்பாங்க. இவர் பதில் சொல்லிக்கிட்டே லேசா ஆடிக்கிட்டிருப்பார்.

— அவரா? பெரியவங்க முன்னாடி அவர் ஆட மாட்டார்டா. கையைக் கட்டிக்கிட்டுக் கம்பம் மாதிரி நிப்பார்.

— ஐயோ.

— என்னடா ஐயோ? இப்பதான் மறுபடி டக் டக்குன்னு கேக்குதே. நல்ல வேகமா வேற. அது என்ன சத்தம்?

— குப்பைத்தொட்டி மாதிரி இருக்கு. ஸ்டேப்பிள் ஆஃப் ஆகல.

— வர்றார், வர்றார். நகரு. என்ன ஆச்சுங்க?

— ஃபெயில்.

— முதல்ல உட்காருங்க.

— போனது நல்லாத்தான் போனேன். ஜன்னல்கிட்ட டாக்டரம்மா, ராத்திரி நல்லாத் தூங்கறீங்களான்னு கேட்டாங்க. நான் நல்லாத் தூங்கறேன்னு சொல்றதுக்குள்ள கால் தூங்கிடுச்சு. பச்சை பட்டனைத் தடவிக்கிட்டே இருக்கேன், கால் தானா எழுந்து கிளம்பிடுச்சு. இன்னும் நடக்கச் சொல்லலையேன்னாங்க. நான் நடக்கலைங்கன்னு உண்மையைச் சொன்னேன். நடக்கறீங்களேன்னாங்க. அது கால்தாங்க நடக்குது, நான் இல்லன்னேன். அந்த நேரம் பார்த்துக் குப்பைத்தொட்டி குறுக்க வந்துச்சு.

— அது எப்படி மாமா தானா கிளம்பும்? பட்டனை அமுக்காம எந்த மெஷினும் கிளம்பாது.

— அது தெரிஞ்சா நான் ஏன் குப்பைத்தொட்டியை உதைக்கிறேன்? 'நடக்க இயலாதவர்'னு எழுதிட்டாங்க. அதோ, கவுன்டர்ல இருக்கிற கிளார்க்கை சர்டிபிகேட் அடிக்கச் சொல்லியிருக்காங்க. அந்தத் தாள் என் கைக்கு வந்துட்டா நாளையிலேருந்து கீழ்த்தளம். வர்ற வரைக்கும் பழைய வேலைதான், அதுதான் சட்டம். வர்ற வரைக்கும்னா என்ன, இதோ, ஒரு நிமிஷத்துல வந்துடும். இரு, இரு.

— எங்க எழுந்து போறீங்க?

— நான் போகல.

— ஏங்க, வாசல் அந்தப் பக்கம். வீட்டுக்கு அப்புறம் போகலாம், நில்லுங்க.

— நிக்க முடிஞ்சா நிக்க மாட்டேனா? மச்சான், என்னன்னு பாரு.

— தம்பி, ஓடிப் போய்ப் பிடிடா அவரை. கேட்டைத் தாண்டறார்.

— இரு அக்கா, ஒரு நிமிஷம். அந்தக் கிளார்க்கைப் பாரு. என்ன பண்றார்?

— கம்ப்யூட்டர்ல எதையோ அமுக்கினார். இப்ப எழுந்து போய் அவங்க ஜெராக்ஸ் மெஷினைத் தட்டறார். உள்ள எட்டிப் பார்க்கறார். தாள் வரல போல.

— வராது. கிடைச்சுடுச்சு, அக்கா. இப்ப வர்ற ஜெராக்ஸ் மெஷின் எல்லாம் பிரிண்ட்டும் எடுக்கும் இல்லையா? நம்ம கால் இந்த ஆபீஸுக்குள்ள நுழைஞ்சதும் இங்க இருக்கிற கம்ப்யூட்டருங்களோட போய் ஒட்டிக்கிச்சு, இனி ஊர்ல எங்க போனாலும் விடாது. அதுங்களும், புது மெஷின் வந்திருக்கு, கிழட்டு மெஷினுக்கு எதுக்கு அனுப்பணும்னு எல்லாத்தையும் இதுக்கே அனுப்புதுங்க. அப்ப யாரோ எதையோ பிரிண்ட் குடுத்தாங்க, மாமா குப்பைத்தொட்டிக்குப் போனார். இப்ப கிளார்க் சர்டிபிகேட்டைக் குடுத்தார்.

— அப்ப அந்த சர்டிபிகேட்?

— மாமா கால்ல ஓடிக்கிட்டிருக்கு.

— அவரால நடக்க முடியாதுங்கிற சர்டிபிகேட்.

— அதேதான்.

— அதுலதான் இப்படி நடக்கறாரா?

— என்ன நடை பாரு அக்கா. இப்ப ஒரு விஷயம், அது ரெண்டு பக்க சர்டிபிகேட்டா இருக்கணும். ஒரு பக்கம்னா அப்படியே போயிடுவார். ரெண்டு பக்கம்னா திரும்பி வருவார்.

— கடவுளே, ரெண்டு பக்கமா இருக்கட்டும்.

— ரெண்டு பக்கம்தான். திரும்பிட்டார். தள்ளி நில்லு, முடிக்கும்போது குத்தும்.

— யப்பா. பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வந்தேன். மச்சான், இந்தக் காலை மாட்டினதிலேருந்து நான் இப்படி நடந்ததில்ல. கேட்ல வாட்ச்மேன் வணக்கம் வச்சு, என்ன சார், தேறிட்டீங்க போலன்னார்.

— மாமா, மூச்சு வாங்கிக்கங்க, விஷயத்தைச் சொல்றேன். உங்க சர்டிபிகேட் அந்த மெஷினுக்குப் போகாம உங்க காலுக்கு வருது. கிளார்க் அமுக்க அமுக்க நீங்க நடக்கறீங்க, எத்தனை காப்பியோ அத்தனை நடை. தாள் மட்டும் வராது. இதை நான் இங்கேயே கத்தரிச்சு விடலாம், ஒரு நிமிஷ வேலை. கத்தரிச்சா கால் சும்மா இருக்கும், தாள் அங்க வந்து விழும். இப்படியே விட்டா தாள் வரவே வராது. எது வேணும்?

— கத்தரி.

— மாமா, நல்லா யோசிச்சு...

— கத்தரின்னேன். அது என் பேருக்கு வர்ற தாள். இத்தனை வருஷத்துல ஒரு தபாலையும் நான் நடுவுல நிறுத்தி வச்சதில்ல. சாவுச் செய்தின்னு தெரிஞ்சும் கொண்டு போய்க் குடுத்திருக்கேன். அதாவது, அடுத்தவனுக்குன்னா குடுக்கணும், எனக்குன்னா மறைச்சுக்கணுமா?

— நீங்க எங்க நிறுத்தறீங்க? பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டு போய்த்தானே வர்றீங்க.

— உன் சமாதானம் எனக்கு வேணாம் மச்சான். பேன்ட்டைத் தூக்கறேன், கத்தரி.

— சரி, உங்க இஷ்டம். நல்லா ஓடற என் மெஷினை நானே நிறுத்தறேன், பாருங்க. அக்கா, இந்த டார்ச்சைப் பிடி. அக்கா? எங்க கிளம்பிட்டே?

— கவுன்டருக்கு. இப்பவே எதையும் கத்தரிக்காதே. ஒருவேளை அந்த மெஷின்ல தாள் வந்திருந்தா? கேட்டுட்டு வந்துடறேன்.

— நீ எதுக்கு? நான் போறேன்.

— நீங்க போனா எங்க போய் நிப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்? கவுன்டர்ல பேசறது என் வேலை, எனக்கு விடுங்க. முட்டியை மூடிக்கிட்டு ரெண்டு பேரும் பேசாம உட்காருங்க.

— அவர்கிட்ட மழுப்பாம கேளு. எனக்கு இன்னைக்கே முடிவு தெரிஞ்சாகணும்.

— சரிங்க. வணக்கம் சார். தபால்காரரோட சர்டிபிகேட்டுக்கு வந்தேன். நான் அவர் வீட்டுக்காரி.

— அதைத்தாம்மா பார்த்துக்கிட்டிருக்கேன். அனுப்பினா 'போய்ச் சேர்ந்தது'ன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. மெஷின்ல பார்த்தா ஒண்ணுமில்ல. எங்க போய்ச் சேர்ந்துச்சுன்னு தெரியல. வேணும்னா கையால எழுதிக் குடுத்துடவா?

— ஐயோ, அதெல்லாம் வேணாம் சார். அடிச்சதுதான் பார்க்க மதிப்பா இருக்கும். இன்னொரு தடவை அனுப்பிப் பாருங்களேன்.

— அனுப்பலாம். நாளைக்குக் காலையிலதான் இனிமே முடியும், நேரமாச்சு. வந்ததும் முதல் வேலையா இதையே போட்டுடறேன். எத்தனை காப்பி வேணும்? எல்லாரும் ஒண்ணுதான் கேப்பாங்க.

— அவர் ரூட் கொஞ்சம் நீளம் சார். பார்த்துத் தாராளமா போடுங்க.