அகஸ்ரின் அண்ணை தவறவிட்ட தாளம்

அவையை ஆளும் தலைவர் அவர்களே, அனுபவத்தால் நரைத்த பெரியோர்களே, பாட்டு வகுப்புக்கும் நீச்சல் வகுப்புக்கும் பிள்ளைகளை ஏற்றி இறக்கியே இளைத்துப்போன தாய்மார்களே, விருது பெற்று முன்வரிசையில் முறுவலிக்கும் அகஸ்ரின் அண்ணை அவர்களே, வணக்கம்.

நான் செலீன். அண்ணையின் இசைக்குழுவில் ட்ரம்ஸ் வாசிப்பவள். அவரைப் புகழ்ந்து பேசச் சொன்னார்கள். புகழத்தான் வந்திருக்கிறேன்.

ஜாஸ் இசையையும் கரீபியத் தீவுகளின் கலிப்சோத் தாளத்தையும் கலந்து, வெக்ஸ்போர்ட் பகுதி வீடொன்றின் நிலவறையில், அதுதான் பேஸ்மென்றில், பிறந்த குழு இது. முன்னால் நின்று சாக்ஸபோன் ஊதுபவர் அகஸ்ரின். பின்னால் பேஸ் கிற்றாருடன் நிற்பவர் இக்னேசியஸ்.

"ஆர் பிள்ளை அது?" என்று ஓர் அன்ரி கேட்கிறார். அன்ரி, எங்கள் படங்களில் அண்ணையின் தோளுக்கு மேலே ஒரு காது தெரியுமே, அந்தக் காதின் சொந்தக்காரர்தான்.

சென்ற கோடையில் ஏரிக்கரைப் பூங்காவில் விழா. அண்ணை கண்களை மூடினார், கனவில் கரைந்தார், காற்றாய்க் கலந்து வாசித்தார். வாசித்தவர் அரைத் தட்டு முந்திவிட்டார். நாங்கள் என்ன செய்வது? சரியாக வாசித்தால் அண்ணையின் தவறு ஊருக்கே தெரியும். இக்னேசியஸ் என்னைப் பார்த்தார். புருவத்தை உயர்த்தினார். பேஸை அரைத் தட்டு நகர்த்தினார். நானும் நகர்ந்தேன். தவறி வைத்த காலடிக்குத் தரையே தேடி வந்தது.

கூட்டம் கூத்தாடியது. "துணிச்சலான தாளப் புரட்சி" என்று பத்திரிகை எழுதியது. இன்றைய விருதும் அந்தப் புரட்சிக்குத்தான். கைதட்டுங்கள், தவறில்லை.

மேடையை விட்டு இறங்கிய அண்ணை பாராட்டினாரா? அணைத்துக்கொண்டாரா?

"நடுவில தாளத்தை மாத்தினது ஆர்?"

"நான்தான், அண்ணை," என்றார் இக்னேசியஸ்.

"என்ர பாட்டில உமக்கென்ன விளையாட்டு? இனி வர வேண்டாம்."

நான் வாய் திறந்தேன். "விடும், செலீன்," என்று பேஸைப் பெட்டிக்குள் வைத்தார் அவர். பூட்டினார், புறப்பட்டார்.

புதியவர் வந்தார். பண்பானவர், பயின்றவர், தாளத்தில் இம்மியும் பிசகாதவர். வினையே அதுதான். அண்ணை அதே இடத்தில் முந்தினார். புதியவரோ நேர்மையாக நின்றார். கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள்.

அண்ணை வீட்டுக்குப் போய்ப் பூங்காவில் எடுத்த ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு என்னையும் ஏற்றிக்கொண்டு மிசிசாகாவுக்குக் காரை விட்டார். அங்கே விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றுவது இக்னேசியஸின் வேலை.

"பிழை விட்டது நான்தான். ஏன் ஐசே சொல்லேல்லை?"

"சொன்னா அடுத்தமுறை கண்ணை மூடமாட்டியள், அண்ணை. கண்ணை மூடினாத்தான் நீங்கள் வடிவா வாசிப்பியள்."

"திரும்பி வாரும்," என்றார் அண்ணை.

"ஓம், வாறன்."

அவர் திரும்பிய முதல் கச்சேரியில், அந்த இடம் வந்ததும் அண்ணை சபைக்கு முதுகைக் காட்டி, இக்னேசியஸின் முன் நின்று, கண்களை மூடி ஊதினார். "ரிக்கற் எடுத்து வந்து முதுகையோ பாக்கிறது?" என்று ஓர் அங்கிள் குறைப்பட்டார். அங்கிள், ஊருக்கெல்லாம் முகம் காட்டிய மனிதர், அன்றுதான் உரியவருக்கு முகம் காட்டினார். இத்தனையையும் இந்த மேடையில் சொல்லச் சொன்னவரும் அண்ணைதான்.

முன்னால் நிற்பவரை எல்லாரும் பார்க்கிறார்கள். அவர் விழாமல் நிற்பது யாரால் என்று யார் பார்க்கிறார்கள்? ஆகவே, அன்பான சபையோரே, தலைவர் அவர்களே, தயவுசெய்து எல்லாரும் எழுந்து எனக்கு முதுகைக் காட்டுங்கள். பின்கதவருகே, ஓடிவிடலாமா என்று யோசித்தபடி நிற்கிறார் இக்னேசியஸ்.

உங்கள் முதுகுகள் அனைத்துக்கும் என் நன்றி, வணக்கம்.