மூச்சைப் பிடிச்சுக்கோங்க

— வயித்துல குத்துற ஊசி எவ்வளவு நீளம்னு கேட்டேனே, சொல்லவே இல்லையே அக்கா.

— நான் என்ன ஸ்கேல் வச்சா அளந்தேன்? நீளம் தெரிஞ்சு என்ன பண்ணப் போற டீச்சர்?

— கணக்கு சொல்லிக் குடுக்கிறவ நான். அளவு தெரிஞ்சா மனசு கொஞ்சம் ஒரு இடத்துல நிக்கும். மேல தோல், அடியில கொழுப்பு, அதுக்கும் கீழ குடல். ஏற்கனவே குடல்ல ஒரு துண்டை வெட்டியெடுத்துச் சேர்த்துத் தச்சிருக்காங்க. ஊசி அந்தத் தையல்ல பட்டுட்டா?

— கண்ண மூடிக்கிட்டா குத்துறாங்க? எங்க டிரைவர் சந்துக்குள்ள பஸ்ஸ ரிவர்ஸ் எடுக்கிறப்ப நான் பின்னாடி நின்னு "வரலாம், வரலாம்"னு குரல் குடுப்பேன். அது மாதிரி ஸ்கேன் படம் வழி சொல்லும், ஊசி போகும்.

— பஸ்ஸு ஒரு தடவகூட எங்கயும் இடிச்சதில்லையா?

— கேக்குற கேள்வியப் பாரு!

— அப்ப இடிச்சிருக்கு.

— ஏன் டீச்சர், வயித்துல கோத்திருக்கிற சீழ ஊசி போட்டு எடுக்காம விட்டா என்ன ஆகும்னு டாக்டர் சொல்லலையா உனக்கு?

— ரத்தத்துல கலந்துடுமாம். மத்தியானம் குளிர் எடுத்துச்சே, கட்டிலே ஆடிச்சே, கேட்டீங்கல்ல? ஆபரேஷன் முடிஞ்சு நல்லாத்தான் இருந்தேன் அக்கா. நடந்தேன், சாப்பிட்டேன். வீட்டைப் பெருக்கி வையி, வந்துடுறேன்னு பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். அதுக்குள்ள இந்தக் காய்ச்சல்.

— எனக்கும் அதே கதைதான். குடல்வால் வெடிச்சு ஆபரேஷன். வீட்டுக்குக் கிளம்புற நேரத்துல உள்ள சீழ் கோத்துக்கிச்சு.

— மறுபடியும் வயித்தக் கிழிச்சா நான் தாங்க மாட்டேன்.

— கிழிக்கவே போறதில்லையே! முதல்ல மரத்துப்போக ஒரு ஊசி, எறும்பு கடிச்ச மாதிரி எரியும். அப்புறம் அமுக்குறது தெரியும், அவ்வளவா வலிக்காது. மூச்சைப் பிடின்னா பிடிக்கணும், விடுன்னா விடணும். ஊசி போன தடத்துலயே மெல்லிசா ஒரு டியூப், அது முனையில ஒரு பை. சீழ் தானா வடிஞ்சுடும். முடிஞ்சுது, ரைட்டு!

— இந்தத் திரையக் கொஞ்சம் விலக்கட்டுமா? உங்க டியூப்ப ஒரு தடவ பார்த்துட்டா...

— ஐயய்யோ, தொடாத! துணி கலைஞ்சு கெடக்கேன். வாய் இருக்குல்ல, கேளு.

— நீங்க பயப்படவே இல்லையா?

— நானா? படியில தொங்குற தடியனுங்களக் காதப் பிடிச்சு உள்ள ஏத்துறவ நான். சரி சரி, ஸ்ட்ரெச்சர் உருள்ற சத்தம் கேக்குது. உனக்குத்தான்.

— அக்கா, கால் நடுங்குது.

— படுத்துக்கிட்டுத்தானே போற? நடுங்கட்டும் விடு.

— டீச்சர், நான்தான் ஸ்கேன் ரூம் டாக்டர். வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. கையத் தலைக்கு மேல வச்சுக்கோங்க. குளிருதா?

— குளிர் இல்ல டாக்டர், பயம். என்னால முடியாது. வார்டுக்கே அனுப்பிடுங்க.

— அனுப்பிடுறேன். ஆனா காய்ச்சல் இதைவிட ஏறித்தான் திரும்பி வருவீங்க. என்ன செய்யட்டும்? நிறுத்தவா?

— வேணாம்... நிறுத்தாதீங்க. முதல்ல மரத்துப்போற ஊசிதானே? எறும்பு கடிச்ச மாதிரி?

— அதேதான். யார் சொன்னா?

— பக்கத்துக் கட்டில் கண்டக்டரக்கா.

— ஓ, அவங்களா... சரி. மூச்சைப் பிடிச்சுக்கோங்க. அசையாதீங்க. ம்... இப்ப விடுங்க.

— டாக்டர், அமுக்குது! உள்ள ஏதோ போகுது!

— அமுக்கத்தான் செய்யும். சுருக்குன்னு வலிக்குதா?

— இல்ல. பயமாத்தான் இருக்கு.

— தாராளமா பயப்படுங்க, அசையாம இருந்தாப் போதும். இன்னொரு தடவ மூச்சைப் பிடிங்க. ஆங், வந்துடுச்சு.

— என்ன வந்துடுச்சு? ரத்தமா?

— சீழ் டீச்சர். கெட்டியா, மஞ்சளா வருது. குடலுக்கு ஒண்ணும் ஆகல. டியூப் சரியான இடத்துல நிக்குது. வடியுறது நின்னதும் எடுத்துடலாம்.

— என்ன இப்படி நாறுது!

— வெளிய நாறினா நாறட்டும். உள்ள இருந்ததுதான் ஆபத்து.

— அக்கா! கண்டக்டரக்கா! தூங்கிட்டீங்களா?

— தூக்கம் எங்க வருது? வந்துட்டியா? என்ன ஆச்சு? சொல்லு, சொல்லு.

— எல்லாம் நீங்க சொன்ன மாதிரியேதான். அந்த எரிச்சல், அந்த அமுக்கல், மூச்சைப் பிடிக்கச் சொன்னது, ஒண்ணு விடாம. உங்க குரல் காதுல இல்லாட்டி மேசையிலருந்து இறங்கி ஓடியிருப்பேன்.

— நிஜமாவா? வலி?

— டியூப் போட்ட இடம் கடுக்குது. மத்தபடி பரவாயில்ல. ஆமா, ஏன் அக்கா உங்க குரல் இப்படி நடுங்குது?

— திரைக்கு அடியில கைய நீட்டுறேன், கொஞ்சம் பிடிச்சுக்கோ டீச்சர். அடுத்த ஸ்ட்ரெச்சர் எனக்குத்தான் வருது. டாக்டர் எனக்குச் சொன்னதத்தான் உனக்குச் சொன்னேன். ரெண்டு தடவ ஸ்கேன் ரூம் வாசல் வரைக்கும் போய் அழுதுட்டுத் திரும்பி வந்தவ, நான் இன்னும் அந்த ரூமுக்குள்ள காலே வைக்கல.