சாலை தாண்டக் கைகொடுத்த பெருந்தேவி அம்மையாருக்கு

அன்பில் அன்னையாகவும், அதட்டலில் ஆசானாகவும், அலுவலக ஓலைகளுக்கு அஞ்சாத ஆளுமையாகவும் விளங்கி, ஒரகடத்தை அடுத்த நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியை இத்தனை காலம் இழுத்துப் பிடித்து நிறுத்திய தலைமையாசிரியை, பெருமதிப்புக்குரிய பெருந்தேவி அம்மையீர்! தங்கள் பணி நிறைவு நாளான இன்று, கனத்த நெஞ்சோடும் கம்மிய குரலோடும் இந்த மடலைப் படிக்கிறோம்.

வீடு வீடாய் வந்து விளக்கேற்றிய வித்தகரே! தாங்கள் இடைநிலை ஆசிரியையாக இங்கு வந்தபோது சுற்றிலும் ஏரிப்பாசன வயல்கள், ஓட்டுக் கூரை, பெஞ்சு இல்லாமல் தரையில் நெருக்கி உட்கார்ந்த பிள்ளைகள். படித்தால் வரப்போகும் கம்பெனிக்குள் நாற்காலி கிடைக்கும், இல்லாவிட்டால் கேட்டில் காவலுக்கு நிற்க வேண்டியதுதான் என்று பெற்றோரிடம் மன்றாடினீர்கள். நிலம் போனது, கம்பெனி வந்தது, தாங்கள் சொன்னபடியே படித்தவர்களுக்கு வேலையும் வந்தது.

அங்கேதான் அம்மா, விதி தங்களை ஏமாற்றியது. தங்களிடம் முதலெழுத்துப் பழகிய ரகு இன்று உதிரிபாக ஆலையில் சூப்பர்வைசர். அவர் மகன் டையும் ஷூவுமாக வேனில் ஏறி ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறான். ரகுவோடு தங்களிடம் படித்த கங்காவின் மகளும் அதே வேனில்தான். "படிக்க வச்சதே நீங்கதான டீச்சர், அதான் நல்ல ஸ்கூலா பாத்து சேத்துட்டோம்" என்று கங்கா சொன்னபோது தாங்கள் சிரித்துத் தலையாட்டினீர்கள். அன்று மதியச் சாப்பாட்டைத் தாங்கள் தொடவில்லை. கம்பெனிக்காரர்கள் நன்கொடையாகச் சுவருக்கு வண்ணம் அடித்தார்கள், மின்திரை மாட்டினார்கள், பெஞ்சும் தந்தார்கள். உட்கார ஊர்ப் பிள்ளை ஒன்றுகூட இல்லை.

மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது முடங்கிப் போகாத மூத்தவரே! வாலாஜாபாத் போகும் ஆறுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம், தகரக் கொட்டகைகளில் குடியிருக்கும் ஒடிசா, பீகார்த் தொழிலாளரிடம் அரைகுறை இந்தியோடு போய் நின்றீர்கள். பள்ளி வேண்டாமென்று அவர்கள் சொல்லவில்லை. கன்டெய்னர் லாரி பறக்கிற சாலையைக் குழந்தைகள் எப்படித் தாண்டும் என்றுதான் கேட்டார்கள். நானே வந்து கூட்டிப் போகிறேன், நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தீர்கள்.

கொடுத்த வாக்கைக் காலையும் மாலையும் காத்தீர்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையால் லாரியை நிறுத்தி, மறு கையில் பிள்ளைகளைப் பிடித்து வந்தீர்கள். கை கிடைக்காத பிள்ளைகள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்கள். லாரிக்காரர் வைதால் ஒரு பங்கு கூடுதலாகவே திருப்பி வைதீர்கள். அச்சொற்கள் சட்டமிட்டு மாட்டும் மடலில் எழுதத் தக்கவை அல்ல.

தொடக்கத்தில் "படிக்கிறோம்" என்று பன்மையில் எழுதியது மரபுக்காகத்தான். ஈராசிரியர் பள்ளியில் தாங்கள் போனால் எஞ்சுவது நான் ஒருவன். பிள்ளைகள் எண்ணிக்கை போதாததால் தங்கள் இடத்துக்கு இப்போதைக்கு ஆள் வராதாம். எனக்கோ இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய கால். அந்தப் பக்கம் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஊன்றுகோலோடு நானும் அன்றாடம் தங்கள் தோளைப் பிடித்தே சாலை தாண்டி வந்தேன். எனக்காகத் தாங்கள் நடையைக் குறைத்ததை என்னிடம் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. அதற்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை அம்மா.

இனி யார் வருவார் என்று தங்கள் பழைய மாணவர் ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தேன். "ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு சார், விடியறதுக்குள்ள பஸ் வந்துடுது, இன்னா பண்றது?" என்றார் ரகு. கம்பெனியில் சொல்லி எச்சரிக்கைப் பலகை வைக்கிறேன் என்றார். சொன்னபடி வைத்தும் விட்டார். அதை லாரிகள் படிப்பதாகத் தெரியவில்லை. ஒடிசாவிலிருந்து வந்த மூன்றாம் வகுப்பு லிப்சா நேற்று என்னிடம், "மிஸ்ஸு வர்லன்னா அப்பா வுட மாட்டாரு சார். தம்பிய பாத்துக்கினு வூட்லயே இருன்னுட்டாரு" என்றாள். அவள் நின்றால் மற்றவர்களும் நிற்பார்கள். பிள்ளைகள் நின்றால் பள்ளியும் நிற்கும்.

வாழ்த்தாமல் மடலை முடிக்கலாகாது. முழங்கால் வலி நீங்கி, மூன்று வேளையும் சூடாக உண்டு, மணிமங்கலத்து வீட்டில் மகளோடும் மருமகனோடும் நூறாண்டு நலமாக இருங்கள். வேண்டுவது ஒன்றே. ஜூனில் பள்ளி திறக்கும் காலையில் மனம் கேளாமல் பஸ் ஏறி வந்துவிடாதீர்கள். தங்களுக்கும் வயதாகிவிட்டது. அன்று நான் வழக்கம்போல் அந்தப் பக்கம் இறங்குவேன். பிள்ளைகள் யாராவது வந்தால் அவர்களோடு சேர்ந்து நானும் சாலையோரம் நிற்பேன்.

இங்ஙனம்,
பள்ளியில் எஞ்சிய ஆசிரியர்,
மா. நம்பிராஜன்