பிளக்கைப் பிடுங்கிய பிறகு

ஆம்பூர் பேருந்தில் என் முன்சீட்டுக்காரர் மடியில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. பக்கத்தில் அவருடைய சிநேகிதர்.

“பிளக்கைப் புடுங்கின அப்புறம்தான்டா எங்க அண்ணன் செத்தான்,” என்றார் பெட்டிக்காரர்.

“புடுங்கிட்டா கரண்ட் ஏது?”

“அன்னிக்கு நாங்க ரிப்பேர் பார்த்தது ஒரு பழைய ஸ்பீக்கர். உள்ள காந்தம் கெடையாது, காயில்தான். இந்தப் பெட்டி கரண்ட் குடுத்தாதான் அது காந்தமாவும். பிளக்கைப் புடுங்கினாலும் பெட்டியில இருக்கிற கெபாசிட்டர்ல கரண்ட் தங்கும். ஸ்பீக்கர் மாட்டியிருந்தா காயில் அந்த மிச்சத்தை இழுத்துக்கும்.”

“மாட்டலியா?”

“நான் ஸ்பீக்கர் ஒயரை மொதல்லயே கழட்டிட்டேன். அப்புறம்தான் பிளக்கைப் புடுங்கி, பெட்டியைத் தொறந்தேன். ‘ஒண்ணும் இல்லண்ணா, கை வை’ன்னு நான்தான் சொன்னேன்.”

மாதனூர் தாண்டியதும் சிநேகிதர் கேட்டார்.

“அண்ணிக்குத் தெரியுமா?”

“அவன்தான் பிளக்கைப் புடுங்க மறந்துட்டான்னு சொல்லி வெச்சிருக்கேன். தினம் அவனைத் திட்டித் திட்டி அழுவுறாங்க. பெட்டியைக் கொண்டா, என் கையால ஒடைக்கணும்னாங்க. அதான் எடுத்துட்டுப் போறேன்.”

ஆம்பூர் வந்தது. பெட்டிக்காரர் எழுந்து, ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னார். சிநேகிதர் நீட்டிய கையைப் பாதியிலேயே நிறுத்தினார்.

“ஒண்ணும் இல்லடா,” என்றார் பெட்டிக்காரர். “கை வை.”