வுசித்சேயின் வாசலில் விரல் மடக்கியவருக்கு

மெனாபே வறள்காட்டின் மேன்மையே! பெருக்கமரங்கள் பெயர் சொல்லி அழைக்கும் பெரியவரே! காவற்பணி முடித்துக் கரை சேரும் ரெமாஞ்சா அண்ணலே, வணக்கம்!

உலகம் எவ்வளவு பெரிது! அதில் நம் தீவில் மட்டும், தீவிலும் இந்தத் துண்டுக் காட்டில் மட்டும் வாழ்வது வுசித்சே எனும் பேரெலி. முயலின் காது, வெட்டுக்கிளியின் தாவல், வாழ்நாளெல்லாம் ஒரே துணை. பாம்பு நுழையாதபடி வளையின் வாசலை உள்ளிருந்தே மண்ணால் அடைக்கும் மதி! பணியேற்ற அன்றே ஒன்று உங்கள் தொப்பியைத் தாண்டியதாகச் சொல்வீர்கள். தொப்பி தலையில் இருந்ததாம், நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்களாம். நம்புகிறோம்.

சென்ற வறட்சியில், மாலை காற்றடங்கியதும், சோளக்கொல்லைக்காகக் காட்டைக் கொளுத்த வந்தார் பக்கத்து ஊர் உழவர் மஹாத்துகி. கையில் தீப்பந்தம். வளைவாசலில் வெறுங்கையோடு நீங்கள்.

"தள்ளுங்கண்ணே. எலிப்பொந்துக்கா காவலு?"

"இதுக்குத்தான்" என்று வளையைக் காட்டினீர்கள், விரலை மடக்கி.

நம் மண்ணில் மடக்கிய விரலால் காட்டப்படுவது முன்னோர் கல்லறை; அதை நோக்கி விரலை நேரே நீட்டுவது பெருங்குற்றம். சட்டென்று பின்வாங்கினார் மஹாத்துகி.

"ஐயய்யோ! யாரோட சமாதிண்ணே?"

ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அந்த நொடியே காடு தப்பியிருக்கும். தொப்பிக் கதை சொன்ன அதே வாய் அன்று பொய் சொல்ல மறுத்தது!

"சமாதி இல்ல தம்பி. எலிதான்."

"எலிக்கா வெரல மடக்குனீரு?"

"நேரா நீட்ட மனசு வரல. நீ வேணா நீட்டிப் பாரு."

நீட்டினார். வளைவாசல் மண் அசைந்தது. முதலில் மீசை, பிறகு காது. பின்னாலேயே அதன் துணை. இரண்டும் தீயைப் பார்த்தன, அவரைப் பார்த்தன, ஓடவில்லை. அவருடைய விரல் தானே மடங்கியது. பந்தத்தை மணலில் குத்தி அணைத்தார்.

"இத்தன நாளா எத எரிச்சிட்டிருந்தேன்?" என்றார்.

தீப்பருவம் நாளை பிறக்கிறது. நீங்கள் போனபின் காவலுக்கு யார் என்று திகைத்திருந்த எங்களிடம் நேற்று வந்து நின்றார் அதே மஹாத்துகி.

"நான் வைக்காத தீயா? அது எந்தப் பக்கம் ஓடும்னு ஒங்க யாருக்காவது தெரியுமாய்யா?"

எவருக்கும் தெரியவில்லை; உங்கள் காவல் இனி அவருக்கே. ஆகவே நிம்மதியாகப் போய்வாருங்கள், அண்ணலே! சோறும் சுகமும் சூழ, சொந்தங்கள் கூட, பல்லாண்டு வாழுங்கள்!

அன்பில் நனைந்த
காவற்குடில் தோழர்கள்,
மற்றும், நாளை விடியலில் காட்டுக்குள் போகும் மஹாத்துகி.