இரண்டாம் நம்பர்

தாம்பரத்தில் கிளம்பும் எட்டேகால் மணி மின்சார ரயிலின் பெண்கள் பெட்டி. எனக்கு எதிரே ஒரே அலுவலகத்துக்குப் போகும் இரண்டு பேர். ஜன்னலோரத்தில் இருந்த சின்னவளுக்கு முப்பது வயதிருக்கும்.

"எச்சில்லயே வயசு தெரிஞ்சிடுமாம்க்கா," என்றாள்.

"ம், சொல்லு."

"அப்பாவுக்கு ஞாபக மறதின்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்ல. பஞ்சை மென்னு டியூப்ல போட்டுத் தரச் சொன்னாங்க. காலைல ஒண்ணு, படுக்கறப்ப ஒண்ணு. ஒப்பிட்டுப் பாக்க என்னோடதும் வேணுமாம். பேர் எழுதக் கூடாது, நம்பர் மட்டும்."

பெரியவள் தலையாட்டினாள்.

"டென்ஷன் ஆனா ஒரு ஹார்மோன் ஊறுதாம். சின்ன வயசுல ராத்திரி அது அடங்கிடும். வயசானா சரியா அடங்காது. ரொம்ப நாள் அடங்கலேன்னா ஞாபகம் வைக்கற இடத்தையே அரிச்சிடுமாம். டாக்டர் ரிசல்ட்டப் பாத்துட்டு, 'ரெண்டாம் நம்பர் உங்கப்பா, பாத்தாலே தெரியுது'ன்னார்."

"சரி."

"ரெண்டாம் நம்பர் நான்க்கா."

ரயில் பல்லாவரத்தில் நின்று கிளம்பியது.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இன்னைக்கு சாயங்காலம் போய்ச் சொல்லிடறேன்."

"ஸ்டெல்லா, நேத்தும் இதையேதான் சொன்னே."

அவள் சிரித்தாள். "நேத்து நான் லீவுக்கா. வரவே இல்லியே."

நேற்றும் அவள் அதே ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் இதே எதிர் இருக்கையில் இருந்தேன்.